பள்ளிக்கூடத்தை வெறுத்தவர் கட்டிய பள்ளிக்கூடம்

புரட்டாசி பிறந்தால் நம் வீடுகளில் கொலுப் பொம்மைகள் பரணைவிட்டு இறங்குகின்றன. அதே நாட்களில் வங்காளத்தில் துர்க்கை பூஜை நடக்கிறது. நமக்கு ஐப்பசி அடைமழை மாதம். வங்காளத்துக்கோ மழை விட்டு வெளுக்கும் மாதம். வானம் கழுவிவிட்டது போல நீலமாகிவிடும். பஞ்சுப் பொதி போல வெள்ளை மேகங்கள் நகரும். ஆற்றங்கரை நெடுக நாணல் வெள்ளை வெளேர் என்று பூத்து நிற்கும். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் மரத்தடியில் பவழமல்லி கொட்டிக் கிடக்கும்.

இந்தப் பருவத்துக்கு அங்கே சரத் காலம் என்று பெயர். பட்டணத்தில் வேலை பார்ப்பவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திரும்புவார்கள். பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விடுவார்கள். நம் தீபாவளியைப் போல, பிள்ளைகள் விரல் விட்டு நாள் எண்ணும் காலம் அது.

1907-ஆம் ஆண்டில், அப்படி ஒரு விடுமுறைக்குத் தோழனோடு போன சிறுவன் ஒருவன் திரும்பி வரவில்லை. அவனுடைய தகப்பனார் ஒரு பள்ளிக்கூடம் நடத்திக் கொண்டிருந்தார். மகனைப் பறிகொடுத்த அவர் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு மூலையில் உட்காரவில்லை. மறு ஆண்டு, அதே சரத் காலத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு விழா எடுத்தார்.

அவர் பெயர் ரவீந்திரநாத் தாகூர்.

தாகூரைக் கவிஞர் என்று உலகம் அறியும். நம் தேசிய கீதத்தை எழுதியவர் என்று சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவர் நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றப் பட்ட பாடும், அதற்காக அவருடைய குடும்பம் கொடுத்த விலையும் பலருக்குத் தெரியாது.

சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒரு சிறுவன்

கல்கத்தாவில் ஜோராசங்கோ என்ற பகுதியில் தாகூர்களின் பெரிய மாளிகை இருந்தது. அங்கே 1861 மே 7-ஆம் தேதி ரவீந்திரர் பிறந்தார். தந்தை தேவேந்திரநாதரை மக்கள் மகரிஷி என்று அழைத்தார்கள். பிழைத்து வளர்ந்த பிள்ளைகளில் ரவீந்திரரே கடைக்குட்டி.

மாளிகைப் பிள்ளை என்றால் செல்லமாக வளர்ந்திருப்பார் என்று நினைப்போம். அப்படி இல்லை. பிள்ளைகளை வேலைக்காரர்கள் கையில் விட்டிருந்தார்கள். ஒரு வேலைக்காரன் சிறுவனை உட்கார வைத்து, சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவான். தாண்டினால் ஆபத்து என்று மிரட்டுவான். சிறுவனுக்கு இராமாயணம் தெரியும். கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன நேர்ந்தது என்பதும் தெரியும். ஆகவே வட்டத்துக்குள் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகக் குளத்தையும் ஆலமரத்தையும் மணிக்கணக்காகப் பார்த்துக் கொண்டிருப்பான்.

பள்ளிக்கூடம் இன்னொரு வட்டம். ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, வங்காள அகாடமி, செயின்ட் சேவியர் என்று மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். எதிலும் ஒட்டவில்லை. நான்கு சுவர், மர பெஞ்சு, மனப்பாடம், பிரம்பு. இவற்றிலிருந்து தப்ப அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காய்ச்சல் வந்தால் பள்ளிக்குப் போக வேண்டாம் அல்லவா? காலணிகளைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். கார்த்திகை மாதப் பனியில் மொட்டை மாடியில் படுத்துக் கிடந்தார். தலையும் துணியும் நனைந்தன. பாழும் உடம்புக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை! பிற்காலத்தில் இதை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

கடைசியில் வீட்டார் கைவிட்டார்கள். பட்டம் என்று எதுவும் வாங்காமலேயே அவர் படிப்பு முடிந்தது.

பொட்டல் காட்டில் இரண்டு மரங்கள்

1873-ஆம் ஆண்டு ரவீந்திரருக்குப் பூணூல் கல்யாணம் நடந்தது. மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனால் பையன்கள் கேலி செய்வார்களே என்று அவர் கவலைப்பட்டுக் கொண்டிருந்தபோது, தந்தை அவரை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். போகிற வழியில் சில நாட்கள் போல்பூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் தங்கினார்கள்.

கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 100 மைல். செம்மண் பூமி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் பொட்டல். மகரிஷி முன்பு ஒருமுறை அந்த வழியாகப் போனபோது இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் உட்கார்ந்து தியானம் செய்தார். இடம் மனத்துக்குப் பிடித்துவிட்டது. 1863-இல் அந்த மரங்களைச் சுற்றி 20 பிகா நிலத்தை, ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு வீடு கட்டி சாந்திநிகேதன் என்று பெயர் வைத்தார். அமைதியின் இருப்பிடம் என்பது அதன் பொருள்.

ஏழிலைப்பாலைக்கு ஒரு குணம் உண்டு. மற்ற மரங்கள் பூத்து ஓய்ந்த பிறகு, சரத் காலத்தில்தான் அது பூக்கும். இரவில் அதன் வாசனை ஊரையே தூக்கும்.

சுண்ணாம்பு வட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பொட்டல் சொர்க்கமாகத் தெரிந்தது. இங்கே ஓடலாம், கூழாங்கல் பொறுக்கலாம், யாரும் கோடு போட மாட்டார்கள். மகரிஷியும் மகனைத் தன் இஷ்டப்படி திரியவிட்டார். பின்னால் உண்டான பள்ளிக்கூடத்துக்கு அந்த நாட்களில்தான் வித்து விழுந்தது என்று சொல்லலாம்.

ஐந்து பிள்ளைகள்

1883-இல் ரவீந்திரருக்குத் திருமணம் ஆயிற்று. மணப்பெண் மிருணாளினி தேவிக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் கால வழக்கம் அப்படி. அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர். மாதுரிலதா, ரதீந்திரன், ரேணுகா, மீரா, சமீந்திரன். கடைசிப் பிள்ளையை வீட்டில் சமி என்று கூப்பிட்டார்கள்.

குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ரவீந்திரருடையது. கிழக்கு வங்காளத்தில் பத்மா நதிக்கரையில் சிலைதா என்ற ஊரில் இருந்து அவர் அதைக் கவனித்தார். 1898-இல் மனைவி மக்களையும் அங்கே அழைத்துக்கொண்டார். பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. தாம் பட்ட பாட்டைத் தம் பிள்ளைகளும் படவேண்டுமா? வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் பிள்ளை தனியாகப் படித்தால் போதுமா? கூட்டாளிகள் வேண்டாமா? தம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆறும் வெளியும் பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டாமா? தந்தையிடம் அனுமதி கேட்டார். மகரிஷி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

1901 டிசம்பர் 22-ஆம் தேதி சாந்திநிகேதனில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். மாணவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவன் அவருடைய மூத்த மகன் ரதீந்திரன். பழைய காலத்துக் குருகுலம் போல இருக்க வேண்டும் என்று சம்பளம் வாங்கவில்லை. சோறும் படிப்பும் இனாம்.

பொழுது விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். அவரவர் படுக்கையை அவரவரே சுருட்ட வேண்டும். குளித்துவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக உட்கார வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு சிறு பாயைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவார்கள். அதுதான் வகுப்பு. காலில் செருப்பு கிடையாது. மாலையில் ஓட்டமும் ஆட்டமும். இரவில் கதை, பாட்டு, நாடகம்.

கழுத்து நகை போயிற்று

இனாமாகச் சோறு போட்டால் பணம் எங்கிருந்து வரும்? குடும்பச் சொத்திலிருந்து ரவீந்திரருக்கு மாதா மாதம் ஒரு தொகை வந்தது. அது போதவில்லை. பூரி கடற்கரையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதை விற்றார். பிறகு மனைவியின் நகைகளில் கை வைக்க வேண்டி வந்தது.

மிருணாளினி தேவியின் நகைகள் சாதாரண நகைகள் அல்ல. கல்யாணத்தில் வந்தவை, மாமியார் வழியாக வந்தவை என்று நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். கையில் சில வளையல்களும் கழுத்தில் ஒரு சங்கிலியும் மிஞ்சின என்று மகன் ரதீந்திரர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை. பித்துப் பிடித்தவர் பேச்சைக் கேட்டு இவளும் ஆடுகிறாளே என்று ஏசினார்கள்.

அவர் கொடுத்தது நகை மட்டும் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாம் தாயாக இருந்தார். வீட்டைவிட்டு வந்த சிறுவர்கள் அம்மாவை நினைத்து ஏங்குவார்கள் அல்லவா? அவர்களுக்குத் தம் கையால் சமைத்துப் போட்டார். இனிப்புப் பலகாரம் செய்வதில் அவர் கெட்டிக்காரர். தாகூரின் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் மரத்தடியை எழுதுகிறார்கள், பாட்டை எழுதுகிறார்கள். இந்த அம்மையாரின் அடுப்படியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமாகப் படவில்லை.

ஓராண்டுகூட அவர் அங்கே இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1902-இல் நோய்வாய்ப்பட்டார். கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். மின்விசிறி இல்லாத வீடு. தாதியை வைக்காமல் ரவீந்திரரே இரவு பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து கைவிசிறியால் வீசினார். நவம்பர் 23-ஆம் தேதி மிருணாளினி தேவி கண்ணை மூடினார். வயது முப்பதை எட்டவில்லை. தாய் அணிந்திருந்த செருப்புகளை எடுத்து மகன் ரதீந்திரன் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் தந்தை.

துயரம் அத்துடன் நிற்கவில்லை. நடு மகள் ரேணுகாவைக் காசநோய் பிடித்தது. மலைக் காற்று பட்டால் குணமாகும் என்று அல்மோராவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தாயில்லாப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அங்கே உட்கார்ந்து குழந்தைப் பாட்டுகள் எழுதினார். 1903 செப்டம்பரில் ரேணுகாவும் போய்விட்டாள். 1904 தொடக்கத்தில், சதீஷ் சந்திர ராய் என்ற இளம் ஆசிரியர் பெரியம்மையால் பள்ளியிலேயே இறந்தார். தொற்றுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தைச் சில காலம் சிலைதாவுக்கு மாற்ற வேண்டி வந்தது. 1905 ஜனவரியில் மகரிஷி காலமானார்.

ஒரு வீட்டில் இத்தனை சாவு விழுந்தால் பள்ளிக்கூடம் ராசி இல்லை என்று நாம் சொல்லியிருப்போம்.

அடங்காப் பிள்ளைகள்

ஊரார் இந்தப் பள்ளியை எப்படிப் பார்த்தார்கள்? தொடக்கத்தில் நல்ல பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. வீட்டில் அடங்காதவன், மற்றப் பள்ளிகளில் விரட்டப்பட்டவன், இப்படிப்பட்டவர்களைத்தான் கொண்டுவந்து தள்ளினார்கள். சாந்திநிகேதனுக்கு அனுப்பிவிடுவேன் என்று தகப்பன்மார் மிரட்டும் நிலை!

அந்தப் பிள்ளைகளை ரவீந்திரர் அடிக்கவிடவில்லை. ஒரு பையன் புத்தகத்தோடு மரத்தில் ஏறிக் கிளைக் கவட்டில் உட்கார்ந்து படித்தான். தலைமை ஆசிரியர் கொதித்துப் போனார். ரவீந்திரரோ பையன் பக்கம் பேசினார். மரத்தில் ஏற ஒரு வயதுதானே உண்டு என்பது அவர் கட்சி. தவறு செய்தவர்களை விசாரிக்க மாணவர்களே நீதிமன்றம் வைத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துச் சாந்தால் மக்களின் கிராமங்களுக்குப் போய், பெரிய மாணவர்கள் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எல்லாம் முதல் நாளே சரியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் பந்தியில் சாதி பார்த்தார்கள். பிராமணர் அல்லாத ஆசிரியரின் காலைத் தொட்டு வணங்கலாமா என்றுகூடத் தகராறு வந்தது. ரவீந்திரரும் அப்போது பழைய வழக்கங்களுக்கு இடம் கொடுத்தார். ஆண்டுகள் போகப் போகத்தான் அவை விலகின. செலவு தாங்காமல் சம்பளமும் வாங்க வேண்டியதாயிற்று. திரிபுரா மன்னர் பணம் கொடுத்து உதவினார்.

சமி போன விடுமுறை

தாய் இறந்தபோது சமிக்கு ஆறு வயது நிரம்பவில்லை. பள்ளிக்கூடம்தான் அவனுக்கு வீடு. முகம் அப்படியே தந்தையின் சாயல். பாட்டும் நடிப்பும் கூடவே பிறந்தவை.

1907 தொடக்கத்தில் அந்தச் சிறுவன் ஒரு காரியம் செய்தான். தோழர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு பருவங்களுக்கு ஒரு விழா நடத்தினான். ஒருவன் மழைக்கால வேடம், ஒருவன் வசந்த வேடம். சாந்திநிகேதன் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவு வருவது வசந்த விழா அல்லவா? அதற்கு முதல் விதை போட்டது பத்து வயதுப் பையன்.

அந்த ஆண்டு துர்க்கை பூஜை விடுமுறை வந்தது. அண்ணன் ரதீந்திரன் முந்தின ஆண்டே விவசாயப் படிப்புக்காக அமெரிக்கா போயிருந்தான். சமி தன் பள்ளித் தோழன் ஒருவனோடு பீகாரில் உள்ள முங்கேருக்குப் புறப்பட்டான். போன இடத்தில் காலரா கண்டது. தந்தி கிடைத்துத் தந்தை ஓடினார். பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. சமிக்குப் பதினோரு வயது நிரம்ப இன்னும் சில நாட்களே இருந்தன. வங்காளப் பஞ்சாங்கப்படி அது அக்ரகாயண மாதம் 7-ஆம் நாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு தாய் இறந்ததும் அதே நாள்.

இரவு ரயிலில் தந்தை திரும்பி வந்தார். வெளியே நிலவு பால் போலக் காய்ந்தது. உலகத்தில் எதுவும் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை. எல்லாம் இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன், என் வேலையும் மிச்சம் இருக்கிறது என்று அப்போது தோன்றியதாம். இதை அவர் உடனே யாருக்கும் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, மகள் மீரா தன் ஒரே மகனைப் பறிகொடுத்தபோது, அவளுக்கு ஆறுதலாக எழுதிய கடிதத்தில்தான் சொன்னார்.

மறு ஆண்டுச் சரத் காலம்

1908-ஆம் ஆண்டு க்ஷிதிமோகன் சேன் என்ற பேரறிஞர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். அந்த மழைக்காலத்தில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் மழைக்கு விழா எடுத்தார்கள். சமி போட்ட விதை முளைத்துவிட்டது. அதைக் கேட்ட ரவீந்திரர் அடுத்து வரும் சரத் காலத்துக்குத் தாமே ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தார்.

ஏன் பருவத்துக்கு விழா? மற்ற ஊர்களில் எல்லாம் அந்த நாட்களில் துர்க்கையின் சிலை வைத்துக் கொட்டு முழக்குவார்கள். மகரிஷியின் அறக்கட்டளைப் பத்திரப்படி சாந்திநிகேதனில் உருவ வழிபாடு கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்குத் திருநாள் வேண்டாமா? வானமும் நாணலும் பவழமல்லியும் எந்த மதத்துக்கும் சொந்தம் இல்லை. ஆகவே விடுமுறைக்கு வீடு போகுமுன் எல்லோரும் சேர்ந்து பருவத்தைக் கொண்டாடுவது என்று ஆயிற்று.

நாடகத்தின் பெயர் சாரதோத்ஸவம். சரத் கால விழா என்று பொருள். கதை எளிய கதை. பள்ளி விடுமுறை. பிள்ளைகள் ஆற்றங்கரையில் ஆடிப் பாடுகிறார்கள். ஒரு தாத்தா அவர்களோடு குழந்தையாகச் சேர்ந்துகொள்கிறார். ஒரே ஒரு பையன் மட்டும் ஆட வரவில்லை. அவன் பெயர் உபநந்தன். ஒரு மூலையில் உட்கார்ந்து ஏட்டைப் பார்த்து எழுதிக் கொண்டிருக்கிறான். அவனை வளர்த்த குரு கடன்பட்டு இறந்துபோனார். கடன் கொடுத்தவன் ஒரு கருமி. ஏடு எழுதிக் கூலி வாங்கி, குருவின் கடனை அடைக்க வேண்டும் என்று பையன் உழைக்கிறான்.

அந்த வழியாக ஒரு சந்நியாசி வருகிறார். உண்மையில் அவர் மாறுவேடம் போட்ட மன்னர். பையனைப் பார்க்கிறார். விளையாடும் பிள்ளைகள் ஒரு விதமாகக் கொண்டாடுகிறார்கள், அன்பினால் கடன் அடைக்கும் இவன் வேறு விதமாகக் கொண்டாடுகிறான் என்று அவருக்குப் படுகிறது. தாமும் உட்கார்ந்து ஏடு எழுத உதவுகிறார். மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். முடிவில் வேடம் கலைகிறது. கடன் தீர்கிறது. மன்னருக்குப் பிள்ளை இல்லை. உபநந்தனைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டு அழைத்துப் போகிறார்.

முந்தின ஆண்டு முங்கேரில் நடந்ததைத் தெரிந்துகொண்டு படிப்பவர்கள் இந்த இடத்தை எளிதில் தாண்ட முடியாது.

நாடகத்தில் பெண் வேடம் ஒன்றுகூட இல்லை. அப்போது அங்கே படித்தவர்கள் பையன்களே. ஆசிரியர்களும் அவர்களோடு சேர்ந்து நடித்தார்கள். பிற்காலத்தில் ரவீந்திரரே காவி கட்டிச் சந்நியாசியாக மேடை ஏறியதும் உண்டு. 1921-இல் இதே கதையைச் சிறிது மாற்றி, கடன் தீர்த்தல் என்று பொருள்படும் புதுப் பெயர் கொடுத்தார்.

இப்படித்தான் விடுமுறைக்கு முன்னால் விழா என்பது பள்ளியின் வழக்கமாயிற்று. பின்னாளில் மகாளய அமாவாசை அன்று ஆனந்த பஜார் என்ற சந்தையும் சேர்ந்துகொண்டது. மாணவர்களே கடை போடுவார்கள். பலகாரமும் கைவேலைப் பொருள்களும் விற்பார்கள். ஆசிரியர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வாங்க வருவார்கள். லாபம் நல்ல காரியத்துக்குப் போகும். மறுநாள் முதல் மூட்டை முடிச்சோடு போல்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம்.

குடும்பம் குடும்பமாக

பள்ளி ஒரு தனி ஊராக வளர்ந்தது. ரவீந்திரரின் மூத்த அண்ணன் துவிஜேந்திரநாதர் தம் கடைசிக் காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார். பெரிய தத்துவ ஞானி. அணிலும் குருவியும் பயமின்றி வந்து அவர் கையில் தின்னும். அவருடைய பேரன் தினேந்திரநாதர் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார். ரவீந்திரர் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டால் அவரே அதை மறந்துவிடுவார். தினேந்திரர் மறக்க மாட்டார். அதைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாளே பள்ளி முழுவதையும் பாட வைப்பார்.

ரதீந்திரர் 1909-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பினார். மறு ஆண்டு அவருக்கும் பிரதிமா தேவிக்கும் திருமணம் நடந்தது. பிரதிமா தேவி இளம் விதவை. தாகூர் குடும்பத்தில் அதுவே முதல் விதவைத் திருமணம். மாமியார் விட்டுச் சென்ற இடத்தை இந்த மருமகள் நிரப்பினார். பள்ளியின் நடனத்தையும் கைத்தொழிலையும் வளர்த்தவர் அவர்.

ஆசிரியர்களின் குடும்பங்களும் அங்கேயே வேரூன்றின. க்ஷிதிமோகன் சேனின் மகள் அமிதா அங்கே படித்தார், தாகூரின் நாட்டிய நாடகங்களில் ஆடினார். 1933 நவம்பரில் அமிதாவுக்கு அதே சாந்திநிகேதனில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாகூர்தான் பெயர் வைத்தார். அந்தக் குழந்தை 1998-இல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்.

பெற்றோர்களின் மனத்தைக் கலைக்கவும் முயற்சி நடந்தது. 1911-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கு வங்காள அரசாங்கம் ஒரு ரகசிய உத்தரவு போட்டது. அரசாங்க உத்தியோகஸ்தர்கள் தங்கள் பிள்ளைகளை இந்தப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்பது உத்தரவு. பயந்துபோன தகப்பன்மார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணீரோடு வண்டி ஏறிய அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ரவீந்திரருக்கு எப்படி இருந்திருக்கும்!

காலம் மாறியது. 1913 நவம்பர் நடுவில் ஒரு தந்தி வந்தது. நோபல் பரிசு! ஆசியாவிலேயே இலக்கியத்துக்காக அதை முதலில் வாங்கியவர் அவர். பிள்ளைகள் கூத்தாடினார்கள். தந்தியைப் படித்த ரவீந்திரர், பள்ளியின் சாக்கடை வேலைக்குப் பணம் கிடைத்துவிட்டது என்று சக ஆசிரியரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நவம்பர் 23-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து சிறப்பு ரயிலில் சுமார் 500 பேர் பாராட்ட வந்தார்கள். நேற்றுவரை ஏளனம் செய்தவர்களும் அதில் இருந்தார்கள். ரவீந்திரர் நன்றி சொல்லவில்லை. வெளிநாட்டான் புகழ்ந்த பிறகு வரும் இந்தப் புகழை முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வந்தவர்கள் முகம் சுளித்துத் திரும்பினார்கள். மனைவி இறந்த தேதியும் அந்த நவம்பர் 23 என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ தெரியாது.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அந்தப் பரிசுப் பணத்தைத் தம் கிராமத்து விவசாயிகளின் கடன் வங்கியில் போட்டார். குடியானவனுக்குக் கடன், வட்டி பள்ளிக்கூடத்துக்கு.

மறு ஆண்டு நவம்பரில் புது விருந்தாளிகள் வந்தார்கள். தென் ஆப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய பீனிக்ஸ் குடியிருப்பின் பிள்ளைகள். காந்தியடிகள் இந்தியா வந்து சேரும்வரை அவர்களுக்குச் சாந்திநிகேதன் வீடாயிற்று. 1915 மார்ச் 10-ஆம் தேதி, காந்தியடிகளின் யோசனைப்படி மாணவர்களே சமையல், பாத்திரம், கூட்டுதல், கக்கூசு கழுவுதல் எல்லாவற்றையும் செய்யத் தொடங்கினார்கள். கவிக்கு ஆனந்தம். ஆனால் அது நீடித்து நடக்கவில்லை. இருந்தாலும் அந்த மார்ச் 10-ஐ மறக்காமல், ஆண்டுதோறும் அன்று சமையற்காரர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஓய்வு கொடுத்து, மாணவர்கள் வேலை செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

1921 டிசம்பரில் பள்ளியோடு விசுவபாரதி என்ற உயர்கல்வி நிலையமும் சேர்ந்தது. பெண்களும் படித்தார்கள். சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அறிஞர்கள் வந்தார்கள். பெயர் வளர்ந்தது, கூடவே செலவும் வளர்ந்தது. தள்ளாத வயதிலும் கவி நாடகக் குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பணம் திரட்டப் போனார். 1936-இல் டில்லியில் அவர் படும் பாட்டைப் பார்த்துக் காந்தியடிகள் மனம் பொறுக்கவில்லை. 60,000 ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்து அவரை ஊருக்கு அனுப்பி வைத்தார்.

1941 ஜூலை 25-ஆம் தேதி, நோயாளியாக ரவீந்திரர் கடைசி முறையாகச் சாந்திநிகேதனைவிட்டுப் புறப்பட்டார். ஆசிரியர்களும் பிள்ளைகளும் கூடி நின்று வழியனுப்பினார்கள். கல்கத்தாவில் அறுவை சிகிச்சை நடந்தது. பலன் இல்லை. ஆகஸ்டு 7-ஆம் தேதி, பிறந்த அதே ஜோராசங்கோ மாளிகையில் உயிர் பிரிந்தது. சரத் காலம் பிறக்க இன்னும் பத்து நாட்கள் இருந்தன.

1951-இல் இந்திய அரசாங்கம் விசுவபாரதியை மத்தியப் பல்கலைக்கழகமாக ஏற்றது. அதன் முதல் துணைவேந்தர் யார் தெரியுமா? 1901-இல் மரத்தடியில் உட்கார்ந்த ஐந்து பையன்களில் ஒருவரான ரதீந்திரர். அங்கே பட்டம் பெற்று வெளியேறுகிறவர்கள் கையில் ஒரு கொத்து இலையைக் கொடுப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அது ஏழிலைப்பாலை இலை.